பெருங்காற்று இரவும் அதற்குப் பின்வரும் நாட்களும்

தமிழில் புயல் என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுவது வங்கக்கடலில் உருவாகிக் கரையைக் கடக்கும் வெப்பமண்டலச் சுழற்காற்று. அயர்லாந்தைக் குளிர்காலத்தில் தாக்கும் புயலோ பிறப்பாலும் போக்காலும் அதிலிருந்து வேறானது என்பதால், அந்நாட்டு வீடொன்றில் அதை எதிர்கொள்பவர் முதலில் அறிய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். வெப்பமண்டலப் புயல் சூடான கடல்நீரிலிருந்து வலிமை பெறுகிறது. அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயலோ வடதுருவத்திலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்றும் தெற்கிலிருந்து ஏறும் மிதமான காற்றும் மோதும் எல்லையில் பிறந்து, ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டம் என்னும் விரைந்த காற்றாற்றால் உந்தப்பட்டு வளர்கிறது. அதன் மையத்தில் காற்றழுத்தம் ஒரே நாளில் ஏறக்குறைய 24 மில்லிபார் அளவுக்குச் சரியுமானால் அதை வானிலையாளர் ‘வெடிப்பு வளர்ச்சி’ என்று குறிப்பிடுவர். செய்தித்தாள்கள் ‘வானிலைக் குண்டு’ என்று எழுதும். தமிழகக் கடற்கரையில் பேசப்படும் புயலின் கண் இங்கு இல்லை. கரையைக் கடக்கும் இடம் என்று ஒரு புள்ளியைச் சுட்டுவதும் பெரிதாகப் பயன்படாது. பல நூறு கி.மீ. அகலத்துக்குக் காற்று விரிந்து, முழு நாட்டையும் ஒரே காலையில் துடைத்துவிட்டு, பெரும்பாலும் அரை நாளுக்குள் ஸ்காட்லாந்துப் பக்கம் போய்விடும்.

வீட்டிலிருந்து பார்த்தால் இப்புயலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தென்கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ மழையோடு காற்று எழும். வெப்பநிலை சற்று ஏறும். பிறகு காற்று தென்மேற்குக்குத் திரும்பி ஓயாது அடிக்கும். குளிர்முகம் எனப்படும், குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு கடந்ததும் மேற்காகவோ வடமேற்காகவோ சட்டென்று திசை மாறி, பல வேளைகளில் அப்போதுதான் மிகக் கொடிய வீச்சுகள் வரும். நடுவே சில நிமிடம் காற்று தணிவது போலத் தோன்றலாம். அது முடிவன்று, வீட்டின் எந்தப் பக்கம் அடிபடுகிறது என்பது மாறப்போகிறது என்பதற்கான அடையாளமாகவே அதைக் கொள்ள வேண்டும். அதுவரை காற்றுக்கு மறைவாக இருந்த வேலியும் கொட்டகையும் அடுத்த ஒரு மணி நேரத்தில் காற்றின் நேர்முகத்தில் நிற்கும். ஆகவே தணிவை நம்பி வெளியே போய் எதையாவது கட்டிவிட்டு வரலாம் என்று எண்ணுவது ஆபத்தானது.

எச்சரிக்கைகளை விடுப்பது மெட் ஏரன் எனப்படும் அயர்லாந்து வானிலைச் சேவை. 2015-இலிருந்து அது பிரிட்டனின் வானிலை அலுவலகத்தோடு சேர்ந்து புயல்களுக்குப் பெயரிடுகிறது. பின்னர் நெதர்லாந்தும் இணைந்தது. எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மணிக்கு 90 கி.மீ.-க்கு மேற்பட்ட வீச்சு மஞ்சளுக்கும், 110-க்கு மேற்பட்டது ஆரஞ்சுக்கும், 130-க்கு மேற்பட்டது சிவப்புக்கும் பொதுவான வரம்புகளாகக் கொள்ளப்படுகின்றன. இங்கு ‘வீச்சு’ என்பது சில நொடிகள் மட்டும் நீடிக்கும் உச்ச வேகத்தையும், ‘சராசரி’ என்பது பத்து நிமிட அளவில் கணிக்கப்படும் வேகத்தையும் குறிக்கும். கடல் முன்னறிவிப்புகளில் இன்றும் ‘விசை 9’, ‘விசை 10’ என்று சொல்லப்படும் அளவுகோலை 1805-இல் வகுத்த ஃபிரான்சிஸ் போஃபர்ட் மீத் மாவட்டத்தின் நாவன் ஊரில் பிறந்தவர் என்பது அயர்லாந்துக்காரர் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்க செய்தி. ஆனால் வீட்டுக்காரர் மனத்தில் நிறுத்த வேண்டிய கணக்கு வேறு: காற்று சுவரின்மீது தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 90 கி.மீ. காற்றைக் காட்டிலும் 130 கி.மீ. காற்று ஏறத்தாழ இரு மடங்கு விசையோடும், 180 கி.மீ. காற்று நான்கு மடங்கு விசையோடும் தள்ளும். சென்ற மஞ்சள் எச்சரிக்கையில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்துச் சிவப்பை எடைபோடுவது இதனால்தான் பிழையாகிறது.

2025 ஜனவரி 24 அன்று வந்த ஏயோவின் புயல் இக்கணக்கை நாடு முழுவதற்கும் கற்பித்தது. கால்வே மாவட்டத்தின் மேஸ் ஹெட் நிலையத்தில் பதிவான வீச்சு, 1945 ஜனவரியில் லிமெரிக் மாவட்டத்தின் ஃபாய்ன்ஸில் பதிவான மணிக்கு 182 கி.மீ. என்னும் எண்பதாண்டுப் பதிவை விஞ்சியது. குடியரசின் 26 மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மேயோ மாவட்டத்தின் பெக்கனில் காற்றடைத்து நிறுத்தப்பட்டிருந்த மாபெரும் விளையாட்டுக் கூடாரம் கிழிந்து சரிந்தது. ஏறத்தாழ 7,68,000 வீடுகளும் கடைகளும் பண்ணைகளும் மின்சாரம் இழந்தன. காற்று ஓய்ந்தது ஒரே நாளில் என்றாலும், மேற்கு, வடமேற்கு மாவட்டங்களின் சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப இரண்டு வாரங்களுக்கும் மேலாயின. இந்த இயலின் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதை இந்த இரு கால அளவுகளுமே காட்டுகின்றன. காற்றுக்கு ஆயத்தமாவது பாதி வேலைதான். பெரும்பாலான வீடுகளை உண்மையில் சோதிப்பது அதற்குப் பின்வரும், அமைதியான, இருண்ட, குளிர்ந்த நாட்களே.

பழைய அயர்லாந்து வீட்டுக்கு இந்த இரண்டாம் சோதனை இருக்கவில்லை. முதல் சோதனைதான் கொடிதாக இருந்தது. 1839 ஜனவரி 6-ஆம் நாள் இரவு வந்த புயல் ஐரிஷ் மொழியில் ‘பெருங்காற்றின் இரவு’ என்றே பெயர் பெற்றுவிட்டது. கூரைகள் பறந்தன, அடுப்புக் கங்குகள் சிதறித் தீப்பற்றின, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அந்த நாள் பின்னாளில் எதிர்பாராத ஒரு பயனையும் தந்தது. 1909-இல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, அனைவரின் பிறப்பையும் பதியும் முறை 1864-இல்தான் வந்திருந்தபடியால் முதியோரிடம் பிறப்புச் சான்று இல்லை. பெருங்காற்று இரவு தமக்கு நினைவிருக்கிறது என்று சொன்னவர்களின் வயதை அதிகாரிகள் அதைக்கொண்டு தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் நாட்டில் பலருக்குத் திடீரென்று நினைவாற்றல் கூடிவிட்டது என்று எள்ளல் பேசப்படுவதும் உண்டு.

மேற்குக் கரையின் பழைய வைக்கோல் கூரை வீடுகளைக் கட்டியவர்கள் காற்றை அறிந்தவர்கள். கூரைமீது குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகளை இழுத்து, சுவரின் மேல்விளிம்பில் பதித்த கல் முளைகளில் அவற்றை முடிந்தனர். வீட்டின் முன்னும் பின்னும் நேருக்கு நேராக இரண்டு வாசல்களை வைத்து, அன்றன்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க வாசலை மட்டும் பயன்படுத்தினர். கயிறு இன்று வழக்கொழிந்துவிட்டாலும் வாசல் பற்றிய அறிவு இன்னும் பழமையாகிவிடவில்லை. புயல் வேளையில் கதவைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் காற்று மறைவான கதவையே திறக்க வேண்டும். காற்று நேரே அடிக்கும் பக்கத்தில் கதவோ சன்னலோ திறந்தாலும் உடைந்தாலும் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரத்தில் வெளியே கூரையின்மேல் வழுக்கிச் செல்லும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். கூரை காற்றால் அமுக்கப்பட்டு உடைவதைவிடக் கழற்றி எடுக்கப்படுவதே மிகுதி என்பதும், ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் உள்ள ஸ்லேட் பலகைகளே முதலில் போகின்றன என்பதும் இதனால்தான்.

முன்னறிவிப்பு வந்த நாளில் செய்ய வேண்டியவற்றுள், ரொட்டி வாங்குவதற்கு அயர்லாந்தில் எப்போதும் முதலிடம் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு புயலுக்கு முன்பும் கடையில் துண்டு ரொட்டி அடுக்கு காலியாவது அந்நாட்டின் நிலைத்த நகைச்சுவைகளில் ஒன்று. ஆனால் ரொட்டி இல்லாமல் கெட்டுப்போன வீடு ஒன்றும் இல்லை. வெளியே கிடப்பவற்றை அகற்றுவதே தலையாய வேலை. குழந்தைகள் குதிக்கும் டிராம்போலின் வலை காற்றில் விரித்த கப்பற்பாய் போன்றது. வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு வண்டிமீது விழாத புயல் அரிது. அதைப் பிரித்துவிட வேண்டும், முடியாவிட்டால் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையோடு கட்ட வேண்டும். சக்கரக் குப்பைத்தொட்டிகளைக் கொட்டகைக்குள் தள்ளி, வண்டியை மரங்களுக்கும் புகைபோக்கிக்கும் எட்டாத இடத்தில் நிறுத்த வேண்டும். வெப்பமூட்டும் மண்ணெண்ணெய்த் தொட்டி காலியாக இருந்தால் அதையே காற்று நகர்த்தக்கூடும் என்பதும் கவனத்திற்குரியது.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய ஆயத்தம் மின்சாரத்தைச் சுற்றியே அமைகிறது. அயர்லாந்துக் கிராமத்து வீட்டில் மின்சாரம் நின்றால் விளக்கு மட்டும் அணைவதில்லை. மண்ணெண்ணெயில் இயங்கும் கொதிகலனாக இருந்தாலும் அதன் தீமூட்டியும் நீரைச் சுற்றவைக்கும் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதால் ரேடியேட்டர்கள் குளிர்ந்துவிடும். சொந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுக்கும் வீட்டில் பம்பு நின்று குழாய் வற்றும். மின்கருவியால் நீரைச் சூடாக்கும் குளியல் தூவி பயனற்றதாகும். இணைய வழியில் இயங்கும் புதிய வீட்டுத் தொலைபேசி ரவுட்டரோடு சேர்ந்து அணையும். கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்களோ சில மணி நேரத்துக்கே தாங்கும். ஆதலால் முந்தைய மாலையில் குடிநீரைப் பாத்திரங்களில் நிரப்புவதோடு குளியல் தொட்டியையும் நிரப்பிவைப்பது நல்லது. கழிவறைக்கு ஊற்ற அந்த நீர் உதவும். இவ்விடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: அயர்லாந்து வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்கு மட்டுமே முதன்மை வழங்கலிலிருந்து நேராக நீர் வரும், மற்றக் குழாய்கள் பரணில் உள்ள தொட்டியிலிருந்து நீர் பெறும். எனவே குடிக்கச் சேமிக்கும் நீரைச் சமையலறைக் குழாயிலிருந்தே பிடிக்க வேண்டும். பரண் தொட்டி நீரைக் கழுவுவதற்கென்று விட்டுவிட வேண்டும். தொலைபேசிகளை முழுவதும் மின்னேற்றி, கைவிளக்கும் மின்கலத்தில் ஓடும் பண்பலை வானொலியும் ஒரே மேசையில் இருக்கச் செய்வதும் அன்றே முடிய வேண்டியவை. மின்பகிர்மான நிறுவனமான இஎஸ்பி நெட்வொர்க்ஸின் பழுது எண் 1800 372 999; அவசர உதவிக்கு 112 அல்லது 999. மின்கட்டணச் சீட்டில் உள்ள 11 இலக்க மீட்டர் எண்ணையும் இவற்றோடு சேர்த்துக் காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்தால் தொலைபேசித் திரை அணைந்த பின்னும் அது படிக்கக் கிடைக்கும். மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவியை நம்பி வாழ்பவர் இருக்கும் வீடு, புயல் பருவத்துக்கு முன்பே தன் மின்வழங்குநரிடம் முன்னுரிமைப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும்.

காற்று உச்சம் தொடும் நேரங்களில் வீட்டின் ஒலிகளே செய்தி சொல்லும். புகைபோக்கி தாழ்ந்த குரலில் ஓயாது முனகும். கதவிலுள்ள தபால் துளையின் மூடி படபடவென்று அடிக்கும். பரணுக்கு ஏறும் மூடிப்பலகை எழும்பிப் பொத்தென்று விழும். கழிவறைக் கோப்பையில் நீர் மெல்ல ஏறி இறங்கும். கடைசியாகச் சொன்னது பலரை அச்சுறுத்துவதுண்டு, ஆனால் காரணம் எளியது: கூரைமீது திறந்திருக்கும் காற்றுக்குழாயின் வாயைக் காற்று கடக்கும்போது அழுத்தம் மாறி, குழாயின் மறுமுனையிலுள்ள நீர் அதற்கேற்ப அசைகிறது. முனகலும் அசைவும் அச்சப்பட வேண்டியவை அல்ல. கூரையில் கல் உரசி நழுவும் ஒலியும், அதைத் தொடர்ந்து முற்றத்தில் உடையும் ஒலியுமே கவனிக்கத்தக்கவை. அவை கேட்டால் காலை வெளிச்சம் வரும்வரை அந்தப் பக்கக் கூரையோரத்துக்குக் கீழ் எவரும் போகக் கூடாது. படுக்கையைப் பெரிய மரத்தை நோக்கிய அறையிலிருந்தும் புகைபோக்கிக்கு நேர்கீழான அறையிலிருந்தும் மாற்றி, கூடுமானால் தரைத்தளத்தில், காற்று மறைவான பக்கத்தில் அமைப்பது விவேகம்.

சுவர்களில் உள்ள காற்றோட்டத் துளைகளின் வழியே அந்த இரவில் குளிர் கத்திபோலப் பாயும். அவற்றைப் பழந்துணியால் அடைத்துவிடும் வழக்கம் பரவலானது. அடுப்பு எரியாத அறையில் அதனால் பெருங்கேடில்லை, ஆனால் விறகோ நிலக்கரியோ, சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய ‘டர்ஃப்’ என்னும் மண்கட்டியோ எரியும் அறையில் அத்துளையை அடைப்பது உயிருக்கே உலை வைப்பதாகும். போதிய காற்றின்றி எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடை வெளிவிடும்; நிறமும் மணமும் அற்ற அந்த வாயு உறக்கத்திலேயே கொல்லும். புகைபோக்கி வழியே புகை திரும்பத் திரும்ப அறைக்குள் தள்ளப்பட்டால் அந்த இரவுக்கு அடுப்பை அணையவிடுவதே முறை. நீர் சூடேற்றும் கொதிகலன் பொருத்திய அடுப்புகளில் இன்னோர் இடர் உண்டு: சுழற்சிப் பம்பு மின்சாரத்தால் இயங்குவதென்றால், மின்சாரம் போன பின் நீர் சுழலாமல் தேங்கிக் கொதிக்கும். தன்னியல்பாக நீர் மேலேறிச் சுழலும் அமைப்பு தன் வீட்டில் உண்டா என்பதை அடுப்பைப் பொருத்தியவரிடம் கோடையிலேயே கேட்டறிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நெருப்பைச் சிறிதாகவே வைக்க வேண்டும்.

மறுநாள் விடியல் தாமதமாகவே வரும். ஜனவரியில் கால்வேயில் பொழுது புலர எட்டரை மணியாகும். சன்னல்களில் கடலுப்பு வெண்மையாகப் படிந்திருக்கும், கரையிலிருந்து தொலைவிலுள்ள வீட்டிலும்கூட. அந்த வெளிச்சத்தில் எழும் முதல் ஆசை ஏணியை எடுத்துக் கூரை ஏறுவது, அடுத்தது சாலையில் கிடக்கும் மரத்தை அறுப்பது. இரண்டும் புயலைவிடக் கொடியவை. 2017 அக்டோபரில் வந்த ஒஃபீலியா புயலில் இறந்த மூவரும் மரத்தோடு தொடர்புடைய விபத்துகளிலேயே இறந்தனர், அவர்களில் ஒருவர் விழுந்த மரத்தை அகற்ற முயன்றவர். வளைந்து விழுந்த மரம் இழுத்து நாணேற்றிய வில் போன்றது; அறுக்கும் இடம் தவறினால் விடுபட்டு அடிக்கும். தரையில் கிடக்கும் மின்கம்பி எதுவானாலும், ஊர் முழுக்க இருண்டிருந்தாலும், அது மின்சாரம் பாயும் கம்பி என்றே கொள்ள வேண்டும். வீட்டுச் சேதத்தைத் தொடுமுன் படமெடுத்து வைத்துக்கொள்வது காப்பீட்டுக்குத் தேவை. நீர் புகுவதைத் தடுக்கும் தற்காலிகப் பழுதுபார்ப்பைச் செய்து அதன் செலவுச் சீட்டையும் வைத்திருக்கலாம்.

மின்சாரம் எந்த ஒழுங்கில் திரும்புகிறது என்பதை அறிந்தால் எரிச்சல் சிறிது குறையும். முதலில் பெருந்தடங்கள், பிறகு ஒரே பழுதுநீக்கத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒளி தரக்கூடிய கிளைகள், கடைசியாக ஒற்றைக் கம்பத்தின் முடிவில் நிற்கும் தனி வீடுகள். காட்டுத் தோப்பை ஊடுருவிச் செல்லும் கம்பியின் மறுமுனையில் வாழ்பவர் ஏயோவினை எண்ணி ஒரு வாரத்துக்கேனும் திட்டமிடுவதே மெய்யறிவு. திறக்காத குளிர்சாதனப்பெட்டி நான்கு மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாளும் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் அதைச் சன்னல்களிலிருந்து தள்ளி, வெளியே மட்டுமே இயக்க வேண்டும். சுவர்ச் செருகி வழியே வீட்டு மின்னிணைப்புக்குள் அதன் மின்சாரத்தைச் செலுத்துவது, அதே கம்பியில் ஏறிப் பணிசெய்யும் தொழிலாளியைக் கொல்லக்கூடும். தகுதியுள்ள மின்பணியாளர் பொருத்திய மாற்று ஸ்விட்ச் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

அயர்லாந்துக் கிராமம் இந்நாட்களில் தன் பழைய வழக்கமொன்றைத் தூசிதட்டி எடுக்கிறது. அறுவடைக்கும் டர்ஃப் வெட்டவும் அண்டை வீட்டார் கூலியின்றிக் கூடி உழைத்த முறைக்கு ஐரிஷில் ‘மெஹல்’ என்று பெயர். ஏயோவினுக்குப் பின் ஊர் விளையாட்டுக் கழகக் கட்டடங்களும் சமூகக் கூடங்களும் ஜெனரேட்டரோடு திறந்திருந்து, சூடான தேநீரும் குளியலும் தொலைபேசி மின்னேற்றமும் தந்தது அதன் புதிய வடிவம்தான். தனியே வாழும் முதியவரின் வீட்டுப் புகைபோக்கியில் காலையில் புகை எழுகிறதா என்று அண்டைவீட்டார் பார்ப்பது வேவு பார்ப்பதன்று. புதிதாகக் குடியேறியவர் அழைப்புக்குக் காத்திராமல் பிளாஸ்கோடு அக்கூடத்துக்குப் போகலாம். போவதை எவரும் தவறாக எண்ணமாட்டார்கள், வராமலிருந்ததைத்தான் பின்னர் கேட்பார்கள்.

மின்சாரம் பெரும்பாலும் எதிர்பாராத நேரத்தில், நள்ளிரவில்கூடத் திரும்பும். ஆகவே அது போன அன்றே மின்னடுப்பின் குமிழ்களையும் இஸ்திரிப்பெட்டியையும் அணைத்த நிலைக்குத் திருப்பிவிட்டு, முன்வாசல் விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டபடி விட்டுவைக்க வேண்டும். உறக்கத்திலிருப்பவருக்கும், சாலையில் வண்டியோடு கடந்து செல்லும் மின்பணியாளருக்கும், அந்தக் கிளைக்கு மின்சாரம் வந்து சேர்ந்ததை அந்த ஒற்றை விளக்கே தெரிவிக்கும்.